ஒன்று போல இருந்தால் ஒன்றுதானா?

தில்லியில் ஜன்பத் என்று ஒரு பெரிய சாலை உண்டு. இரு பக்கமும் நிழல் மரங்கள். அவற்றில் சில மரங்களைப் பகலில் அண்ணாந்து பார்த்தால், கிளையில் கறுப்புத் துணி காயப் போட்டது போல ஏதோ தொங்கும். அது துணி அல்ல. பழந்தின்னி வௌவால்கள். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக இறக்கையை விரித்துக் கிளம்பும். அதே நேரத்தில், பகலெல்லாம் வானத்தில் வட்டமடித்த பருந்துகள் மரங்களுக்குத் திரும்பும். ஒரு ஷிஃப்டு முடிந்து அடுத்த ஷிஃப்டு தொடங்குவது போல இருக்கும்.

வீட்டு வேலை முடித்துப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம் பெண்கள் தினமும் இதைப் பார்க்கிறார்கள். ஒரு நாள் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது.

"பருந்துக்கும் இறக்கை இருக்கு. வௌவாலுக்கும் இறக்கை இருக்கு. அப்ப ரெண்டும் பறவைதானே, டீச்சர்?" என்று கேட்டார் தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர்.

பக்கத்தில் இருந்த பாட்டி விடவில்லை. "போடி! வௌவால் குட்டி போட்டுப் பால் குடுக்கும். அது எப்படிப் பறவை ஆகும்?"

"பறக்குதே பாட்டி!"

"தட்டான்கூடத்தான் பறக்குது. அதுவும் பறவையா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பார்க்க ஒன்று போல இருக்கும் இரண்டு உயிர்கள், உள்ளேயும் ஒன்றுதானா? இரண்டுக்கும் உறவு உண்டா? இது தெரியாமல் போனதால் நம் நாட்டில் ஒரு பெரிய இழப்பு நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இறக்கையைப் பார்ப்போம்.

உங்கள் கையிலிருந்து தொடங்குங்கள்

வலது கையால் உங்கள் இடது தோளைப் பிடியுங்கள். அங்கிருந்து முழங்கை வரை அழுத்திப் பாருங்கள். ஒரே எலும்புதான் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே வாருங்கள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பக்கம் ஒரு எலும்பும் சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பும் தட்டுப்படும். இங்கே இரண்டு. மணிக்கட்டில் கூழாங்கல் போல 8 சின்ன எலும்புகள். அதற்கும் கீழே உள்ளங்கை, ஐந்து விரல்கள்.

ஒன்று, இரண்டு, பல சிறியவை, விரல்கள். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை கோழிக் குழம்பு வைக்கும்போது இறக்கைத் துண்டை எடுத்துப் பாருங்கள். உடம்பை ஒட்டிய பகுதியில் ஒரு எலும்பு. நடுப்பகுதியில் இரண்டு எலும்புகள். நாம் கடித்துத் துப்பும் அந்தக் கூரான நுனியில் சிறிய எலும்புகள் ஒட்டிக் கிடக்கும். அந்த நுனிதான் கோழியின் கை விரல்கள். கை எப்படி அமைந்திருக்கிறதோ அதே வரிசைதான். சில எலும்புகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன, சில குறைந்துவிட்டன. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டின் முன்னங்காலைப் பாருங்கள். அதிலும் மேலே ஒரு எலும்புதான். அதற்குக் கீழே இரண்டு, ஒட்டிக்கொண்டு இருக்கும். "ஆட்டு முழங்கால்" என்று முன்னங்காலில் நாம் காட்டுவது உண்மையில் முழங்கால் அல்ல. அது ஆட்டின் மணிக்கட்டு! அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, நமக்கு உள்ளங்கையில் இருக்கும் எலும்புகளில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டாகப் பிளந்த குளம்பு, இரண்டு விரல்களின் நகம். ஆடு தன் விரல் நுனியில் நடக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் வட்டத்தில் ஒருவர், "அப்ப ஆட்டுக்கால் சூப்புன்னு நாம விரலைத்தான் வேக வைக்கிறோமா!" என்றார். ஆமாம், விரலும் உள்ளங்கையும்தான்.

இப்போது வௌவாலுக்கு வருவோம். வௌவாலின் இறக்கையிலும் ஒன்று, இரண்டு, பல சிறியவை, ஐந்து விரல்கள். ஆனால் நான்கு விரல்கள் குடைக் கம்பி போல மிக நீளமாக வளர்ந்திருக்கின்றன. கம்பிகளுக்கு நடுவே குடைத்துணி போல மெல்லிய தோல். கட்டைவிரல் மட்டும் சிறியதாக, கொக்கி போன்ற நகத்துடன் வெளியே நிற்கும். அதை வைத்து வௌவால் கிளையைப் பற்றி ஏறும். அதாவது வௌவால் தன் கையை விரித்துக்கொண்டு பறக்கிறது. பருந்தின் இறக்கையில் விரல்கள் மிகக் குறைவு. பறக்க உதவும் அகலம் இறகுகளால் வருகிறது, தோலால் அல்ல.

சரி, தட்டான்? தட்டானின் இறக்கையைப் பிரித்துப் பார்த்தால் எலும்பே கிடையாது. கண்ணாடித் தாள் போன்ற ஒரு சவ்வும், அதைத் தாங்கும் நரம்புகளும்தான். அது கையும் அல்ல, காலும் அல்ல. முதுகுப் பக்கத்திலிருந்து தனியாக வளர்ந்தது. தட்டானுக்கு ஆறு கால்களும் தனியே இருக்கின்றனவே!

இந்த இரண்டு வகை ஒற்றுமைக்கும் அறிவியலில் தனித்தனிப் பெயர் உண்டு. நம் கை, ஆட்டின் முன்னங்கால், கோழி இறக்கை, வௌவால் இறக்கை ஆகியவை செய்யும் வேலை வேறு வேறு. ஆனால் உள்ளே ஒரே அமைப்பு. இவற்றை அமைப்பு ஒத்த உறுப்புகள் என்கிறார்கள். பருந்தின் இறக்கையும் தட்டானின் இறக்கையும் செய்யும் வேலை ஒன்று. உள்ளே அமைப்பு வேறு. இவை செயல் ஒத்த உறுப்புகள். பிரிட்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர் 1843இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அமைப்பு ஏன் ஒத்துப்போகிறது என்பதற்குச் சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் காரணம் சொன்னார். நமக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வௌவாலுக்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மூதாதை இருந்தது. அதனிடமிருந்து வந்த பழைய கால், ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு வேலைக்கு மாறியது. பாட்டனார் விட்டுப்போன ஒரே வீட்டை, பேரன்களில் ஒருவர் கடையாக்கி, ஒருவர் வாடகைக்கு விட்டு, ஒருவர் குடியிருப்பது போல.

ஒரு விஷயம் இங்கே சிக்கலானது. பருந்துக்கும் வௌவாலுக்கும் கை எலும்பு பழைய சொத்து. ஆனால் பறக்கும் திறமை அப்படி அல்ல. அதைப் பறவைகள் தனியாகப் பெற்றன. வௌவால்கள் பிற்பாடு, தனியாகப் பெற்றன. ஆகவே எலும்பு வகையில் உறவு, பறப்பதில் உறவு இல்லை. பாட்டி சொன்னதுதான் சரி. வௌவால் பால் கொடுக்கும் விலங்கு, நம் கட்சி.

இரண்டு கள்ளிகள்

நம் ஊர்க் காட்டில் சப்பாத்திக்கள்ளி பார்த்திருப்பீர்கள். அடை தட்டி அடுக்கியது போல இருக்கும். சிவந்த பழம் பழுக்கும். சதுரக்கள்ளியும் பார்த்திருப்பீர்கள். வேலி ஓரத்தில் பட்டை பட்டையாக நிற்கும். இரண்டுக்கும் இலை பெயருக்குத்தான். இரண்டுக்கும் பச்சைத் தண்டே இலையின் வேலையையும் செய்கிறது. இரண்டும் தண்ணீரைத் தண்டில் சேர்த்து வைக்கின்றன. இரண்டுக்கும் முள். நாமும் இரண்டையும் கள்ளி என்றே அழைக்கிறோம்.

ஆனால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. சதுரக்கள்ளி நம் மண்ணிலேயே பிறந்தது. கீறினால் தெரிந்துவிடும். சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது, வழவழப்பான நீர்தான். முள்ளைப் பாருங்கள். சதுரக்கள்ளியில் இரண்டு இரண்டாக ஜோடி முள். சப்பாத்திக்கள்ளியில் ஒரே இடத்திலிருந்து கொத்தாக முள். அவை தூரத்துச் சொந்தம்கூட என்று சொல்ல முடியாத இரண்டு குடும்பங்கள். வறண்ட நிலத்தில் பிழைக்க வேண்டிய கட்டாயம் இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டு வந்தது. (கீறிப் பார்க்கும்போது கவனம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை விடாதீர்கள்.)

கடலிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஓங்கிலும் சுறாவும். இரண்டும் படகு போன்ற உடம்பு, முதுகில் ஒரு துடுப்பு. ஆனால் சுறா மீன். வாலை இடமும் வலமுமாக அடிக்கும். ஓங்கில் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. வாலை மேலும் கீழுமாக அடிக்கும். மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். அதன் பக்கத் துடுப்பை அறுத்தால் உள்ளே மறுபடியும் அதே வரிசை: ஒன்று, இரண்டு, பல சிறியவை, விரல்கள்.

எச்சமும் சொல்லும்

உருவம் மட்டுமல்ல, உடம்புக்குள் நடக்கும் வேலைகளிலும் ஒற்றுமை வேற்றுமை உண்டு. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். காக்கை எச்சமிட்ட இடத்தைப் பாருங்கள். நடுவில் கறுப்பாகக் கொஞ்சம், சுற்றிலும் சுண்ணாம்பு போல வெள்ளை. அந்த வெள்ளை மலம் அல்ல. அது பறவையின் சிறுநீர்!

சாப்பிட்ட பருப்பு, மீன், இறைச்சி எல்லாம் உடம்பில் செரித்த பிறகு ஒரு கழிவு மிஞ்சும். அதை வெளியேற்றியாக வேண்டும். நாமும் மாடும் ஆடும் அந்தக் கழிவை யூரியாவாக மாற்றி, நிறையத் தண்ணீரில் கரைத்து, சிறுநீராக விடுகிறோம். பறவைகள் அதை யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் களி போலக் கெட்டியாக வெளியே வருகிறது. தண்ணீர் மிச்சம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கும் இது வசதி. ஓட்டுக்குள் கழிவு ஒரு மூலையில் கெட்டியாகப் படிந்துவிடும், குஞ்சை நனைக்காது.

உங்கள் வீட்டுப் பல்லியின் எச்சத்தையும் பாருங்கள். கறுப்புத் துண்டின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவும் யூரிக் அமிலம்தான். பல்லிக்கும் பறவைக்கும் உள்ள பழைய உறவு அதில் தெரிகிறது. வௌவால் பறந்தாலும் அதன் எச்சத்தில் இந்த வெள்ளை இருக்காது. அது நம்மைப் போல யூரியா விடும். பெரும்பாலான பூச்சிகளும் யூரிக் அமிலம்தான் விடுகின்றன. ஆனால் அவை இந்த வழியைத் தனியாகக் கண்டுகொண்டவை.

நமக்கும் இரத்தத்தில் கொஞ்சம் யூரிக் அமிலம் உண்டு. கூடிப்போனால் கால் பெருவிரல் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் வலிக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வடித்துக்கொண்டே இருப்பதால் தப்பிக்கிறோம். பறவைக்கு இந்த வடிக்கும் வேலை இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் கழிவில் பெரும்பகுதியே யூரிக் அமிலம்தான்.

தில்லியில் காணாமல் போனவை

முதலில் ஒரு இழப்பு என்று சொன்னேன் அல்லவா? இப்போது அதற்கு வந்திருக்கிறோம்.

எங்கள் பாட்டி பல ஆண்டுகளுக்கு முன்பே சேலத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். "அப்பல்லாம் யமுனைக் கரையில செத்த மாட்டைப் போட்டா, பெரிய பெரிய கழுகா வந்து குதிச்சுக்கும். கொஞ்ச நேரத்துல எலும்புதான் மிச்சம். இப்ப ஒண்ணையும் காணோம்" என்றார். அவை பிணந்தின்னிக் கழுகுகள். தமிழில் பாறு என்ற பழைய பெயரும் உண்டு. பாட்டி சொன்னது கதையல்ல. கலூஷின் என்ற ரஷ்யப் பறவை அறிஞர் தில்லியில் கணக்கெடுத்து 1971இல் வெளியிட்டார். 150 சதுர கிலோமீட்டர் நகரப் பரப்பில் பருந்துகள் சுமார் 2,400 ஜோடி. வெண்முதுகுப் பாறுகள் சுமார் 400 ஜோடி. சாலையோர மரங்களில் கூடு கட்டி வாழ்ந்தன.

இன்று பருந்துகள் இருக்கின்றன. காஜிப்பூர் குப்பைமேட்டின் மேல் கூட்டமாகச் சுற்றும். ஜாமா மசூதிப் பக்கத்தில் வேண்டுதலுக்காக மக்கள் வானத்தில் எறியும் இறைச்சித் துண்டுகளைப் பாய்ந்து பிடிக்கும். வெண்முதுகுப் பாறுகள் நகரத்து மரங்களில் இல்லை. தில்லியில் மட்டுமல்ல, நாடு முழுவதும் 1992க்கும் 2007க்கும் இடையில் 1,000 வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது என்கிறது கணக்கெடுப்பு.

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980களில் கூடுகளை எண்ணியிருந்தார். 1990களின் நடுவில் மறுபடி எண்ணியபோது பல கூடுகள் காலி. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்தன. பிறகு விழுந்து செத்தன. நோயாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த குழு ஒன்று 2004இல் உண்மையைக் கண்டுபிடித்தது. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால், ஈரல் மேலும் இருதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படிந்திருந்தது.

அந்த வெள்ளை எது என்று உங்களுக்கு இப்போது தெரியும். யூரிக் அமிலம்.

காரணம் ஒரு வலி மருந்து. டைக்ளோஃபெனாக். மூட்டு வலிக்கு டாக்டர் நமக்கும் எழுதிக் கொடுப்பதுதான். மாட்டுக்கு வீக்கம், காய்ச்சல், மடிநோய் என்றால் அந்த ஊசியைப் போட்டார்கள். மாட்டுக்குக் கெடுதல் இல்லை. வலி குறைந்தது. ஆனால் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் வேறு காரணத்தால் செத்தால், மருந்து அதன் சதையில் இருக்கும். அந்தச் சதையைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமிலத்தை வடிக்க முடியாது. அது இரத்தத்தில் ஏறி, உள்ளுறுப்புகள் மேல் படியும். சில நாட்களில் பறவை சாகும்.

"எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க மாட்டாங்களே, டீச்சர்?" என்று கேட்டார் தருமபுரி அக்கா.

வேண்டியதில்லை, அக்கா. ஒரு செத்த மாட்டைப் பத்து இருபது பாறுகள் சேர்ந்து தின்னும். நாளைக்கு இன்னொரு இடத்தில் தின்னும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே, இந்த வேகத்தில் பாறு இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். போனதை ஈடுகட்ட அதனால் முடியாது.

அமெரிக்காவின் கழுகு

இங்கேதான் நம் பாடத்தின் முக்கியமான இடம். அமெரிக்காவிலும் பிணந்தின்னிக் கழுகுகள் உண்டு. ஒன்றின் பெயர் வான்கோழிக் கழுகு. சிவந்த மொட்டைத் தலை, வளைந்த அலகு, பெரிய இறக்கை. உயரத்தில் மிதந்தபடி பிணம் தேடும். படத்தைப் பார்த்தால் நம் பாறுக்கு உடன்பிறப்பு என்றே சொல்வீர்கள். ஆனால் அது வேறு குடும்பம். நம் பாறுக்கு நெருங்கிய சொந்தம் பருந்தும் ராஜாளியும்தான். பிணம் தின்னும் தொழில் இரண்டுக்கும் ஒரே மாதிரி மொட்டைத் தலையைக் கொடுத்தது. சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி கதைதான்.

கொஞ்சம் கவனித்தால் வேற்றுமை தெரியும். நம் பாறு கண்ணால் பார்த்துத்தான் இரை தேடும். வான்கோழிக் கழுகு மோப்பம் பிடிக்கும், மரங்கள் மூடிய காட்டுக்குள்ளும் பிணத்தைக் கண்டுபிடித்துவிடும். அமெரிக்கக் கழுகுகளுக்குக் குரல் எழுப்பும் உறுப்பே கிடையாது. சீறத்தான் முடியும்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில் வான்கோழிக் கழுகுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் பாறுகளைக் கொல்லும் அளவைப் போல 100 மடங்குக்கு மேல் கொடுத்தும் அவை சாகவில்லை!

வெளியே அச்சு அசலாக ஒன்று. உள்ளே மருந்தைக் கையாளும் விதம் முற்றிலும் வேறு. அமெரிக்கக் கழுகில் சோதித்துவிட்டு "கழுகுக்கு ஆபத்தில்லை" என்று யாராவது சான்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! மாட்டில் பார்த்தார்கள், மனிதனில் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மாட்டைத் தின்னும் பறவைக்கு என்ன ஆகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பாறு போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பாறின் வயிற்றில் மிகக் கடுமையான அமிலம் உண்டு. அழுகிய சதையில் உள்ள கிருமிகள் பெரும்பாலும் அதில் செத்துவிடும். பாறு இல்லாத ஊரில் பிணம் கிடந்து நாறும். தண்ணீர் கெடும். நாய்கள் பெருகும், நாய்க்கடி பெருகும். பருந்து அந்த வேலையைச் செய்யும் என்று நினைக்கக் கூடாது. மாட்டுத் தோலைக் கிழிக்கும் பலம் அதன் அலகுக்கு இல்லை. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று அது சொல்கிறது. மதிப்பீடுதான், தலை எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த அன்று எங்கள் வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்?

மாட்டுக்கான டைக்ளோஃபெனாக் மருந்து தயாரிப்பதை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல், மனிதருக்கான ஊசி மருந்து 3 மி.லி. சிறு குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அசிக்ளோஃபெனாக் என்று இன்னொரு மருந்து. பெயரைப் படித்தாலே டைக்ளோஃபெனாக்கின் தம்பி என்று தெரியும். இங்கே பெயர் ஒற்றுமை பொய்யல்ல. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோப்ரோஃபெனையும் மாட்டுக்குப் பயன்படுத்த 2023இல் தடை வந்தது. அண்ணனுக்குத் தடை வந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் தம்பிக்கு வந்திருக்கிறது. இவ்வளவு தாமதம் ஆகியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். 2024 டிசம்பர் இறுதியில் நிமிசுலைடும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

வலி மருந்தே இல்லாமல் மாட்டை வதைக்க வேண்டுமா? வேண்டாம். மெலாக்சிகாம் என்ற மருந்தைப் பாறுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று 2006இல் தெரிந்தது. டோல்ஃபெனாமிக் அமிலம் என்ற மருந்தும் அப்படியே. இந்த முறை மாட்டில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை.

தில்லியிலிருந்து சண்டிகர் தாண்டிப் போனால் அரியானாவில் பிஞ்சோர் என்ற ஊர் வரும். அங்கே பாறுகளைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து பெருக்குகிறார்கள். தமிழ்நாட்டில் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பாறுகள் இன்னும் காட்டில் சுதந்திரமாக வாழ்கின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை கூடு கட்டும் மரங்களில் முக்கியமானது நீர்மருது. இந்தியில் அதை அர்ஜுன் என்பார்கள். தில்லிச் சாலைகளின் ஓரத்திலும் நட்டிருக்கிறார்கள். நாம் தினமும் அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

தருமபுரி அக்காவின் அண்ணன் ஊரில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் அக்கா நோட்டை எடுத்தார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், நிமிசுலைடு என்று நாலு பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினார். அடியில் ஒரு கோடு போட்டு, மெலாக்சிகாம் என்று எழுதினார்.

அன்று இரவே அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். "அண்ணே, மாட்டுக்குப் போன மாசம் என்ன ஊசி போட்டாங்க?"

"அது என்னமோ வலி ஊசி. டாக்டர் போட்டாரு. குப்பி மாட்டுக் கொட்டாயிலதான் கெடக்கு."

"அதைப் போட்டோ எடுத்து அனுப்புண்ணே."

போட்டோ வந்தது. குப்பியில் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாவது படிக்கும் மகள் வாசித்துச் சொல்ல, அக்கா தன் நோட்டில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். விரல் கோட்டைத் தாண்டி, கடைசிப் பெயரில் நின்றது.